குப்பைத்தொட்டிக்குள் இரண்டு ஓட்டு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், ஒமாஹா நகரம். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்க ஆளில்லை; டிரேசி ஃபிளிக் நோகாமல் ஜெயிக்கப் போகிறாள். அது பொறுக்காத வாத்தியார் ஜிம் மெக்காலிஸ்டர், காலை உடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும் ஃபுட்பால் வீரன் பால் மெட்ஸ்லரைக் கொம்பு சீவி இறக்கிவிடுகிறார். டாம் பெரோட்டாவின் நாவலை வைத்து அலெக்ஸாண்டர் பெய்ன் 1999-ல் எடுத்த ‘எலெக்‌ஷன்’ படம் இது. திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

டிரேசியாக ரீஸ் விதர்ஸ்பூன். அறிமுகக் காட்சியிலேயே அவள் வாய் கோணி, கண் பாதி செருகிய நேரம் பார்த்து படத்தை அப்படியே நிறுத்திவிடுகிறார் பெய்ன். சிரித்துவிடுகிறோம். அப்போது கதை சொல்லிக்கொண்டிருப்பவர் வாத்தியார் என்பது உறைப்பதில்லை. பதவி ஆசை பிடித்த பெண் என்றாலே ‘டிரேசி ஃபிளிக்’ என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் வெகுகாலம் ஓடியது. ஹிலாரி கிளின்டனும் தப்பவில்லை. இத்தனைக்கும் படத்தில் டிரேசியிடம் தகாத உறவு வைத்தவர் மெக்காலிஸ்டரின் நண்பரான இன்னொரு வாத்தியார். அவர் வேலை போனதற்கு மெக்காலிஸ்டர் உள்ளுக்குள் கறுவுவது யார்மேல்? அந்தப் பெண்மேல்!

பாலின் தங்கை டாமியும் களத்தில் உண்டு. ஜெயித்தால் மாணவர் சங்கத்தையே கலைத்துவிடுவேன் என்கிறாள். அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. கிடைத்த பரிசு சஸ்பென்ஷன்.

ஓட்டு எண்ணும் காட்சிதான் படத்தின் உயிர். டிரேசிக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதல். சேதி கசிந்து அவள் வராந்தாவில் துள்ளிக் குதிக்கிறாள். அதை மெக்காலிஸ்டர் பார்த்துவிடுகிறார். வகுப்பில் ஒழுக்கத்துக்கும் அறநெறிக்கும் வித்தியாசம் கேட்ட அதே மனிதர், இரண்டு சீட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடுகிறார். மறுபடி எண்ணினால் பால் ஜெயம்!

கண்டுபிடித்தது யார்? பள்ளியின் துப்புரவுத் தொழிலாளி. கெட்டுப்போன சாப்பாட்டை ஒருநாள் தொட்டிக்குள் சரியாகப் போடாமல் தரையில் சிந்திவிட்டுப் போனவர் மெக்காலிஸ்டர். அதை அந்தத் தொழிலாளி மறக்கவில்லை. பெரிய கொள்கை மோதல் எதுவும் இல்லாமல், இப்படிச் சில்லறைக் கடுப்புகளிலேயே ஒரு தேர்தலை முடித்துவிடுகிறார் பெய்ன். அரசியல் படம் என்றால் எனக்கு இதுதான்.

இன்னொன்று. தனக்குத் தானே ஓட்டுப் போடுவது நாகரிகமில்லை என்று பால் தன் ஓட்டை டிரேசிக்குப் போட்டிருந்தான். தனக்கே போட்டிருந்தால் ஒரு ஓட்டில் அவனே ஜெயித்திருப்பான். மெக்காலிஸ்டருக்கு வேலையும் மிஞ்சியிருக்கும்.