தொட்டால் பாடும் கண்ணாடி

முன்னுரை

உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுத்த தொல்காப்பியர், முதல் அறிவாக வைத்தது தொடுவுணர்வையே. புல்லும் மரமும் உற்றறியும் என்பது மரபியல் காட்டும் உண்மை. ஆனால் மனிதன் படைத்த பொறிகளோ நெடுங்காலம் அவ்வறிவு இன்றியே இருந்தன. பொத்தானை அழுத்தினால் இயங்கின. குமிழைத் திருகினால் ஒலித்தன. விரல் பட்ட இடத்தை உணர்ந்து விடையளிக்கும் சிறு கருவிகள் பெருவழக்காக நம் கைக்கு வந்தது இந்நூற்றாண்டில்தான். அவற்றுள் ஒன்றாகிய ஐபாட் டச் என்னும் இசைக்கருவியை முதன்முதலாகக் கண்டபோது நாம் பெற்ற எண்ணங்களையும், அதன் இயக்க முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதற் காட்சி

2007ஆம் ஆண்டின் இறுதி. நாம் எம்.ஃபில். ஆய்வேட்டை முடித்திருந்த காலம். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மச்சான், சட்டைப் பையிலிருந்து கண்ணாடித் துண்டு போன்ற ஒன்றை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார். எடை 120 கிராம். தடிமன் 8 மில்லிமீட்டர். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. பின்பக்கம் முகம் தெரியும் அளவிற்குப் பளபளக்கும் எஃகு. திரைக்குக் கீழே ஒரேயொரு வட்டப் பொத்தான். ‘இதில் பாட்டை எப்படி மாற்றுவது?’ என வினவினோம். ‘தள்ளிப் பாருங்கள், மச்சான்’ என்றார். விரலால் தள்ளினோம். இசைத்தட்டு உறைகளின் படங்கள், நூலகத்தில் ஏடு புரள்வது போல ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. கருவியைப் பக்கவாட்டில் சாய்த்தால் படமும் உடன் திரும்பியது. வியப்பில் ஆழ்ந்தோம்.

வரலாறு

ஆப்பிள் நிறுவனம் தன் முதல் ஐபாட் கருவியை 2001 அக்டோபரில் வெளியிட்டது. சுழலும் சிறு வட்டு ஒன்றில் ஆயிரம் பாடல்களை அடக்கியது அதன் சிறப்பு. அதே நிறுவனத்தின் ஐபோன் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்தது. அதன் தொடுதிரையைத் தொலைபேசி வசதியின்றி இசைக்கருவியில் பொருத்தியதே ஐபாட் டச் எனலாம். 2007 செப்டம்பர் 5ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதனை அறிமுகம் செய்தார். 8 ஜிகாபைட் கொள்ளளவுடையது 299 டாலர். 16 ஜிகாபைட் உடையது 399 டாலர்.

இதில் சுழலும் வட்டு இல்லை. அசையும் உறுப்பு ஏதுமற்ற மின்னணு நினைவகமே பாடல்களைத் தாங்கியது. எனவே குலுக்கினாலும் பாட்டு தடைபடாது. ஆயின் அன்று இத்தகைய நினைவகத்தின் விலை மிகுதி. அதே நாளில் வெளியான ஐபாட் கிளாசிக், வட்டின் துணையால் 160 ஜிகாபைட் வரை கொண்டிருந்தது என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

திரை உணரும் விதம்

கண்ணாடி விரலை எவ்வாறு உணர்கிறது? மின்சாரத்தைக் கடத்தக்கூடிய, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் திரையில் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் சிறிதளவு மின்னூட்டம் நிலைபெற்றிருக்கும். நம் உடலும் மின்கடத்தியே. விரல் அண்மிய இடத்தில் மின்னூட்டம் சற்றே மாறுபடும். எந்தக் கோடும் எந்தக் கோடும் சந்திக்கும் இடத்தில் அம்மாற்றம் நேர்ந்தது என்பதை உள்ளிருக்கும் சில்லு நொடிப்பொழுதில் கணக்கிடும். இரு விரல்கள் பட்டால் இரண்டு இடங்களையும் தனித்தனியே அறியும். இரு விரல்களை விரித்தால் படம் பெரிதாவதும், குவித்தால் சிறிதாவதும் இதனாலேயே. அழுத்தம் இங்குத் தேவையில்லை. நகத்தால் தொட்டாலோ, சாதாரணக் கையுறை அணிந்து தொட்டாலோ இத்திரை பெரும்பாலும் விடையளிக்காது. ஏனெனில் அவை மின்னூட்டத்தைப் போதிய அளவு மாற்றுவதில்லை.

நண்பர் எழுப்பிய வினா

நம்முடன் விடுதியில் தங்கிப் பயின்ற நண்பர் ஒருவர் பார்வையற்றவர். பாடநூல்களை நாம் உரக்கப் படித்து ஒலிநாடாவில் பதிவு செய்து தருவோம். அவர் கேட்டுக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார். ஒலிநாடாக் கருவியின் ஐந்து பொத்தான்களும் அவர் விரலுக்கு மனப்பாடம். பாடங்களை இக்கருவியில் சேர்த்துத் தந்தால் நாடாக்களைச் சுமக்க வேண்டியதில்லையே என்னும் ஆர்வத்தில், அதனை அவரிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடி முழுவதும் விரலால் தடவினார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கோ விரல் பட்டு ஏதோ ஒரு பாடல் ஒலித்தது. கருவியைத் திருப்பித் தந்துவிட்டு, ‘இது என் விரலை அறிகிறது, என் விரலால் இதை அறிய முடியவில்லையே’ என்றார்.

நாம் விடையின்றி நின்றோம். அதுவரை நமது வியப்பெல்லாம் கண்ணின் வியப்பே என்பது அப்போதுதான் புலப்பட்டது. இஃது ஒரு கருவிக்கு மட்டும் உரிய குறை அன்று. அக்காலத் தொடுதிரைகளின் பொது இயல்பாகவே இருந்தது.

விடை வந்த வழி

இவ்வினாவிற்கு விடை 2009இல் வந்தது. வாய்ஸ்ஓவர் என்னும் திரை வாசிப்பான் அவ்வாண்டு ஜூனில் ஐபோனிலும், செப்டம்பரில் வெளியான மூன்றாம் தலைமுறை ஐபாட் டச்சின் 32, 64 ஜிகாபைட் வகைகளிலும் இடம்பெற்றது. அதன் முறை எளிது. ஒருமுறை தொட்டால், விரலடியில் உள்ளது இன்னதெனக் கருவி பேசும். இருமுறை தட்டினால் அது செயற்படும். தொடுதலை இரண்டாகப் பகுத்து, முதல் தொடுதலை அறிவதற்கும் அடுத்ததைச் செயலுக்கும் உரியதாக்கிய நுட்பம் இது. கண்ணாடியில் மேடு பள்ளம் தோன்றவில்லை. ஒலியே மேடு பள்ளமாயிற்று.

நிறைவுரை

கைப்பேசியே அனைத்தும் ஆகிவிட்ட காலத்தில், தனி இசைக்கருவியின் தேவை குன்றியது. 2022 மே மாதம் 10ஆம் நாள், ஐபாட் டச் நிறுத்தப்படுவதாக ஆப்பிள் அறிவித்தது. நம் நண்பரோ இன்று ஆசிரியர். தொடுதிரைக் கைப்பேசியை அவர் இயக்கும் விரைவு நமக்கு வாராது.

புதிய கருவி ஒன்று கைக்கு வரும்போது, அதன் விலையையும் வனப்பையும் வினவுகிறோம். இதை யாரால் பயன்படுத்த இயலாது என்னும் வினாவையும் மாணவர்கள் உடன் எழுப்புதல் வேண்டும். அன்று ஒலிநாடாவும் அதற்கான கருவியும் தேடி அலைந்து நாம் செய்த பணியை, இன்று கைப்பேசியுள்ள எவரும் செய்யலாம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் உரக்கப் படித்துப் பதிவு செய்தால், ஒரு பருவத்திற்குள் உடன் பயிலும் பார்வையற்ற தோழருக்குப் பாடநூல் ஒன்று முழுமையாகக் கிடைத்துவிடும்.