குளிரே வராத ஊரில் கரப்பானுக்கு என்ன கவலை?

மார்கழியில் ஸ்வெட்டரைத் தேடி எடுக்கிறோமே தவிர, சென்னையில் அந்த மாதமும் ராத்திரி வெப்பம்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. பூச்சிகளை ஒடுக்கிப்போடும் குளிர் இங்கே வருவதில்லை. வருஷக் காண்ட்ராக்ட் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து அடித்துவிட்டால் கவலை விட்டது என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். சமையலறைக் கரப்பானுக்கு மூன்று மாதம் என்றால் ஒரு தலைமுறை.

கரப்பானில் நம் வீடுகளுக்கு வருவது முக்கியமாக இரண்டு சாதி. சாக்கடை வழியாக ஏறி வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் ஒன்று. அதைப் பார்த்ததும் அலறுகிறோம். அதற்கு வந்த வழியை அடைத்தால் போதும். வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது அரை அங்குலச் சின்னக் கரப்பான். ஊரறிந்த பெயர் ‘ஜெர்மன் கரப்பான்’. ஆனால் அதன் பூர்வீகம் நம் வங்கக் கடலோரம்: இந்தியாவிலோ மியான்மரிலோ சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் உருவானது என்கிறது 2024-ல் வெளிவந்த மரபணு ஆய்வு. ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 முட்டை. பொரியும் தறுவாய்வரை தாய் அதை வயிற்றின் நுனியில் சுமந்தே திரியும்.

ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு சிங்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். கப்போர்டு கீல் மூலையிலும், மிக்ஸியின் அடிப்பக்கத்திலும், ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் மடிப்பிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால், அதுதான் அவர்கள் விலாசம். ஸ்ப்ரே கேனை எடுத்தால் கண்ணில் பட்ட நாலு சாகும். மற்றவை பக்கத்து அறைக்குக் குடிபெயரும். புள்ளிகள் உள்ள இடத்தில் விஷம் கலந்த ஜெல் தீனிதான் சரி. அரிசியளவுப் புள்ளிகளாக நிறைய இடத்தில் வைக்க வேண்டும். தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் நெடிக்குப் பயந்து எதுவும் வாய் வைக்காது, காசு தண்டம். ஒரே ஜெல்லை வருஷக்கணக்கில் நம்பவும் முடியாது. அமெரிக்காவில் ஜெர்மன் கரப்பான் குளுக்கோஸ் கலந்த தீனியையே ஒதுக்கப் பழகிவிட்டதை 1993-லேயே கண்டுபிடித்தார்கள். அவற்றின் நாக்குக்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்று 2013-ல் தெரிந்தது.

சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம் இழுத்துப் பிடிக்கும் இந்தக் கரப்பான், தண்ணீரும் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம். ஆகவே சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, படுக்கப் போகும்முன் சிங்க்கைத் துணியால் துடைப்பது, தரை வடிகாலில் உடைந்த நானி டிராப்பை மாற்றி ஜாலி போடுவது ஆகிய மூன்றையும் எந்த மருந்துக்கும் முன்னால் வைப்பேன்.

முதல் மழைக்கு, இறகு முளைத்த கரையானான ஈசல் கிளம்பும். தெரு விளக்கைச் சுற்றினால் ரசிக்கலாம். கிராமத்தில் வறுத்தும் தின்பார்கள். மழை விட்ட மறுநாள் காலை, மூடிய அறையின் ஜன்னல் திண்டில் உதிர்ந்த இறகுகள் குவிந்து கிடந்தால் கதை வேறு: கரையான் உங்கள் சுவருக்குள் இருக்கிறது. நிலைக்கதவு ஓரமாக ஏறும் மண் கோட்டைக் கொஞ்சம் சுரண்டிவிடுங்கள். இரண்டொரு நாளில் பூசி மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை, கூடு தரைக்கடியில். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர விதியின் 3-ஆம் பகுதி இதற்கானது. வீடு கட்டும்போதே செய்வதற்கு 2-ஆம் பகுதி. அதுதான் மலிவு. டைல்ஸ் போட்ட பிறகு துளைக்க யாருக்கு மனசு வரும்?

டெங்குக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். புகை அடித்தால் பறக்கும் கொசு மட்டும் சாகும். ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டை வாராவாரம் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தாலும் மறுபடி நனைந்தால் பொரியும்.

பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பாட்டி வைத்தியம் பலிக்கும். வண்டுக்கு முட்டை ஒட்டப் பிடிமானம் கிடைக்காது. கைக்குழந்தை துணிக்கு நடுவே நாப்தலின் உருண்டை வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

எலிக்குப் பொறியும் தேங்காய்ச் சில்லும் போதும். ஏசி குழாய் நுழையும் ஓட்டையைக் கம்பிச் சுருளும் சிமென்ட்டும் வைத்து அடைத்தால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட் கல்லீரலை அழிக்கும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஏசி போட்டுச் சாத்திய படுக்கையறைக்கு எந்த மருந்தும் ஆகாது. மருந்து அடிக்க வருகிறவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர முடியாது என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.