கடைமடைக்கும் நீர்

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்து ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்னும் சொற்கள் புதியனவல்ல. தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டுவிட்டால் கடைமடைப் பயிர் காய்ந்துபோகும். கல்லூரி வளாகத்து இணைய இணைப்பிலும் இதுவே நிகழ்கிறது. வாய்க்காலில் ஓடும் நீருக்கு ஓர் அளவு உண்டு. அதுபோல ஓர் இணைப்பில் நொடிக்கு இவ்வளவு தகவல்தான் செல்லும் என்ற அளவும் உண்டு. அதனையே பட்டையகலம் என்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். படிவத்தை அனுப்ப இரண்டு மணி நேரம் முயன்றும் இயலாமல் ஒரு மாணவி கண்கலங்கி நின்றாள். விடுதி மாணவர்கள் திரைப்படம் பார்ப்பதே காரணம் என்றார்கள். தலைமையாசிரியனாயிருந்த பழக்கத்தால் நானும் அதை உடனே நம்பினேன். கணக்கெடுத்துப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. கணினிக் கூடத்துக் கணினிகள் நாற்பதும் ஒரே மென்பொருள் புதுப்பிப்பைத் தனித்தனியே இறக்கிக்கொண்டிருந்தன! அவற்றை நிறுத்திய சில நிமிடங்களில் படிவம் சென்றது.

இத்தொல்லை புதிதன்று. 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் சென்ற தகவல், 40 பிட்டாகச் சுருங்கியது. வழியில் தொலைந்தவற்றைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கியிருந்தன. நெரிசல் கண்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் வகுத்து, 1988இல் வெளியிட்டார். எனினும் அம்முறை ஆளுக்கு ஆள் பங்கிடுவதன்று; தொடர்புக்குத் தொடர்பு பங்கிடுவது. ஐம்பது தொடர்புகளை ஒருங்கே திறப்பவர் ஏறக்குறைய ஐம்பது பங்கைப் பெற்றுவிடுவார்.

ஆகவே, ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி வேண்டியிருப்பதைப் போல, வளாகத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் எவரையும் பழிக்கலாகாது. பலருக்கும் வேண்டிய பொருளை ஒருமுறை இறக்கி, வளாகத்திலேயே வைத்து வழங்கலாம். பெரிய இறக்கங்களை இரவுக்கு ஒதுக்கலாம். நெரிசல் நேரத்தில் மட்டும் ஆளுக்குச் சம பங்கு அளித்து, தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் முதலிடம் தரலாம். நெரிசல் இல்லாதபோது எவரையும் தடுக்க வேண்டியதில்லை. ஓடாத நீரைச் சேமித்துவைக்கலாம், ஓடாத பட்டையகலத்தைச் சேமிக்க இயலாது.

வாய்க்காலை அகலப்படுத்தினால் மட்டும் போதுமா? முறை இல்லையேல் அவ்வகலத்தையும் தலைமடையே குடித்துவிடும். கடைமடைக்கு நீர் சென்றதா என்று பார்ப்பதே நல்ல நிர்வாகத்தின் அளவுகோல்.