பூட்டி வைத்த மிதிவண்டி

எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "இனிமே சைக்கிள் மிதிக்கலாமா சார்?" கேட்பவர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார். நாங்கள் வாய் திறப்பதற்குள் உடன் வந்த மகனோ மகளோ முந்திக்கொள்கிறார்: "அதெல்லாம் வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க சார். வண்டியப் பூட்டி வச்சாச்சு."

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உயிர் பிழைத்து வந்தவர் மீண்டும் கீழே விழுந்துவிடக் கூடாது என்பது பிள்ளைகளின் கவலை. தேநீர்க் கடைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் பிறர் தயவின்றிப் போய்வந்த தமக்கு, இனி ஒவ்வொன்றுக்கும் ஒருவரை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடுமோ என்பது பெரியவரின் கவலை. இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. ஆயினும் எங்கள் அனுபவத்தில், வண்டியை உடலுக்கேற்ப மாற்றியமைத்தால் மீண்டும் மிதிக்கக் கூடியவர் பலர். மாற்றாமலே மிதிக்கப் பார்த்து வலியாலும் அச்சத்தாலும் கைவிட்டவர்களும் பலர்.

வீட்டில் இருக்கும் வண்டியே போதும்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் சமதளமான கரிசல் பூமி. பெரிய ஏற்றங்கள் இல்லை. மிதிவண்டிக்கு ஏற்ற நிலம். நம் வீடுகளில் பொதுவாக இரு வகை வண்டிகளைக் காண்கிறோம். ஒன்று, 28 அங்குலச் சக்கரமும் 22 அல்லது 24 அங்குலச் சட்டமும் கொண்ட பழைய 'ரோட்ஸ்டர்' வகைக் கறுப்பு வண்டி. மற்றொன்று, 2001-02ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வண்டி. பிள்ளை படிப்பை முடித்ததும் அது மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்குக் கீழோ சாய்ந்து கிடக்கிறது.

இவற்றுள் மாணவியருக்கு வழங்கப்பட்ட, குறுக்குக் கம்பி இல்லாத வண்டியை இழிவாக எண்ண வேண்டாம். இடுப்பு அல்லது முழங்கால் இறுக்கம் உள்ளவருக்கும், பக்கவாதத்திலிருந்து தேறி வருபவருக்கும், காலைத் தூக்கிப் பின்புறம் வீசி ஏறுவதே விழுவதற்கு முதற்காரணம். அவ்வண்டியில் காலை முன்புறமாகவே கடத்தி ஏறலாம். "பொம்பளப் பிள்ளை வண்டி" என்று தயங்கிய ஆண்கள் பலர் ஒரு வாரத்தில் அத்தயக்கத்தை விட்டிருக்கிறார்கள். பல கியர்களும் அதிர்வு தாங்கிகளும் கொண்ட புதிய வண்டிக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. விலை மலிந்த வண்டிகளில் அதிர்வு தாங்கிகள் எடையைக் கூட்டுமேயன்றிப் பெரிதும் உதவுவதில்லை. கைப்பிடியை நோக்கி மிகவும் குனிய வைக்கும் வண்டி முதுகுவலி உள்ளவருக்கு ஆகாது. பழைய வண்டியின் உயர்ந்த கைப்பிடியே அவருக்கு நல்லது.

முதலில், யார் மிதிக்கக் கூடாது?

மாரடைப்பு, இதய அறுவை, மூளை இரத்தக்குழாய் அடைப்பு, எலும்பு முறிவு ஆகியவற்றுக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும் வரை வண்டியில் ஏறக் கூடாது. வலிப்பு வருபவர்கள், திடீரென மயங்கி விழுபவர்கள், பார்வை ஒரு பக்கம் மறைபவர்கள் சாலையில் மிதிக்கக் கூடாது. வண்டியில் எந்த மாற்றம் செய்தாலும் இவர்களது ஆபத்து நீங்காது. இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர் அனுமதி பெற்று மிதிக்கலாம். ஆனால் தலைக்கவசம் கட்டாயம். விழுந்து தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இருக்கையின் உயரம்

முழங்கால் வலியோடு வருபவர்களின் வண்டியைப் பார்த்தால், பெரும்பாலும் சீட்டு மிகத் தாழ்வாக இருக்கிறது. கால் தரையில் நன்றாகப் பதிய வேண்டுமென்று இறக்கி வைத்திருப்பார்கள். அவ்வாறு இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லெலும்பின் பின்புறம் அழுத்தம் ஏறுகிறது.

சரியான உயரத்தை வீட்டிலேயே காணலாம். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் அமருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் நேராக நீண்டால் அதுவே உங்கள் உயரம். மிதிக்கும்போது குதிகாலுக்குப் பதில் பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். நோயிலிருந்து எழுந்தவர் முதல் இரண்டு வாரம் இதைவிடத் தாழ்த்தி வைத்துப் பழகலாம். நம்பிக்கை வந்தபின் அரை அரை அங்குலமாக உயர்த்துங்கள். சீட்டுக் குழாய் குறைந்தது இரண்டரை அங்குலமாவது சட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

மிதிக்கும் பாரத்தைக் குறைத்தல்

பழைய வண்டிகளில் பலவற்றில் பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்து ஃபிரீவீலில் 18 பற்களும் இருக்கும். ஒருமுறை பெடல் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடும். ஃபிரீவீலை மட்டும் 22 பற்கள் உள்ளதாக மாற்றினால் அதே சுற்றுக்கு 4.4 மீட்டர்தான் ஓடும். வேகம் குறையும், காலுக்கும் இதயத்துக்கும் பாரமும் குறையும். செயினில் சில கண்ணிகளைச் சேர்க்க நேரலாம். பழைய வண்டியில் நாங்கள் பரிந்துரைக்கும் மாற்றங்களுள் செலவு குறைந்து பயன் மிகுந்தது இதுவே. காற்று குறைந்த டயரும் எண்ணெய் காணாத செயினும் இதே அளவு வலிமையை வீணாக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

தீக்காயம் பட்ட கைகளும் பிரேக்கும்

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் நம் பகுதியில் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் தீக்காயம் பட்டு ஆறியவர்களுக்குத் தழும்பு ஓராண்டு, ஈராண்டு வரை கூட இறுகிக்கொண்டிருக்கும். விரல்கள் முழுவதும் விரியாமலோ மடங்காமலோ போகலாம். பழைய வண்டியின் கம்பி பிரேக்கை இழுக்க நல்ல பிடிவலிமை தேவை. மிதிக்க முடிகிறதே என்று கிளம்பிய பின்பு நிறுத்த முடியவில்லை என்று உணர்வது மிகவும் ஆபத்தானது.

ஆகவே வண்டியை நிறுத்தி வைத்தே சோதியுங்கள். இரு பிரேக்குகளையும் முழுமையாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள். பிறகு விடுங்கள். இவ்வாறு பத்துமுறை செய்ய இயலாவிட்டால் சாலைக்குப் போகாதீர்கள். கேபிள் பிரேக்காக மாற்றினால் இழுப்பது எளிதாகும். பிடியையும் விரல் எட்டும் தூரத்துக்கு நெருக்கிவைக்கலாம். வலிமையான கை எதுவோ அக்கைக்கு எந்தச் சக்கரத்தின் பிரேக் வர வேண்டும் என்று எங்களிடம் கலந்து பேசுங்கள். ஒரு கையால் மட்டுமே பிடிக்கக் கூடியவருக்கு, ஒரே பிடியில் இரு கேபிள்களை இழுக்கும் அமைப்பு தேவை. அது கிடைக்கும்வரை காத்திருப்பதே நலம்.

முழுவதும் மடங்காத விரல்களுக்குத் தடித்த கைப்பிடி உதவும். பழைய டியூபை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் பயன்பட்ட துணியை மட்டும் ஒருபோதும் சுற்றாதீர்கள். அதில் படிந்திருக்கும் மருந்துப் பொடி புதுத்தோலை உறுத்தும்; தீப்பற்றவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. தோல் ஒட்டுச் சிகிச்சை செய்த இடத்தில் பெரும்பாலும் வியர்வை சுரப்பதில்லை. ஒட்டுத்தோலின் பரப்பு மிகுந்திருந்தால் உடல் வெப்பம் வெளியேற வழி குறைந்து, பிறருக்கு முன்பே களைப்பும் மயக்கமும் வரும். இளந்தழும்பு வெயில் பட்டால் கறுத்துவிடும். முழுக்கைப் பருத்திச் சட்டை அணிந்து, காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ மிதியுங்கள். கத்திரி வெயில் நாள்களில் இவ்விதி எல்லோருக்கும் பொருந்தும்.

சர்க்கரை நோயாளரும் கருவேல முள்ளும்

சீமைக் கருவேல முள் டயரைத் துளைப்பது நமக்குப் பழகிய தொல்லை. அதே முள் செருப்பையும் துளைக்கும். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவருக்கு முள் தைத்ததே தெரியாது. புண் சீழ் பிடித்தபின்தான் தெரியவரும். பஞ்சரான வண்டியை உருட்டி வரும்போது சாலையோர முட்களில் நடக்க நேர்கிறது என்பதால் இதை வற்புறுத்துகிறோம். கெட்டியான அடிப்பாகம் உள்ள, விரல்களை மூடும் காலணி அணியுங்கள். செயின் கவர் இல்லாத வண்டிக்குக் கவர் போடுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை உண்பவரும் வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இறங்கி மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ அதே அளவு குளுக்கோஸோ உண்ணுங்கள். கால்மணி நேரத்தில் குறையாவிட்டால் மறுபடியும் உண்ணுங்கள். பலர் சட்டைப்பையில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறார்கள். கடலையின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அவசரத்துக்கு அது உதவாது.

சாலையும் சுமையும்

தூக்குச்சட்டியையும் பையையும் கைப்பிடியில் மாட்டாதீர்கள். திருப்பும்போது வண்டி இழுக்கும். பின் கேரியரில் கட்டுங்கள். நான்குவழிச் சாலையைத் தவிர்த்து, அதன் பக்கச் சாலையிலோ ஊர்ச் சாலையிலோ செல்லுங்கள். பின்புறம் சிவப்பு ஒளிர்வில்லையும் முன்புறம் விளக்கும் இல்லாமல் இருட்டில் போகாதீர்கள்.

உடனிருந்து பார்ப்பவர்களுக்கு

நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் பலர், மருந்து வாங்கக்கூட ஆண் துணையை எதிர்பார்க்கிறார்கள். "இந்த வயசில கத்துக்கிட முடியுமா?" என்று எங்களிடமே கேட்டிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தபோது, பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களுள் விவசாயத் தொழிலாளர்களும் கல்குவாரிப் பெண்களும் இருந்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக ஆண்கள் வண்டியையே விரும்பியவர்களும் உண்டு. தமக்கு எது தேவையோ அதற்கேற்ப வண்டியைத் தேர்ந்தார்கள். நாங்கள் இங்கே சொல்வதும் அதுவே.

எப்படித் தொடங்குவது?

முதல் இரண்டு நாள் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்து, நின்ற இடத்தில் ஏறி இறங்கிப் பழகுங்கள். பிறகு வாகனமில்லாத தெருவில் ஒருவர் உடன்வரப் பத்து நிமிடம் மிதியுங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நாளொன்றுக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள் என்ற அளவை எட்டினால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் 150 நிமிட உடலுழைப்பு நிறைவேறிவிடும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் மிகுதி என்று பொருள். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர் நாடித்துடிப்பை நம்ப இயலாது. பேச்சையே அளவாகக் கொள்ளுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் இறங்கி உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு "வேண்டாம்" என்றே நாங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்வது எங்களுக்கும் எளிதன்று. ஆனால் அவ்விடை சோதித்துப் பார்த்தபின் வர வேண்டும்; அச்சத்தால் முன்கூட்டியே வரக் கூடாது. எனவே பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: அப்பாவின் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, சீட்டின் உயரத்தையும் பிரேக்கின் வகையையும் குறித்து வாருங்கள். இயன்றால் வண்டியையே ஏற்றிக்கொண்டு வாருங்கள். வளாகத்தில் நாங்களே பிடித்துக்கொண்டு, ஏற்றி உட்காரவைத்துப் பார்க்கிறோம்.