வயிற்றுவலி என்றாள் என் மகள்!

காலேஜ் பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக என் மகளுக்கு வயிறு வலிக்கும். ஏதோ ஒரு நாள் என்றால் பரவாயில்லை, வாரத்தில் மூன்று நாள் இப்படி. நானும் ஓமத் தண்ணீர், சீரகக் கஷாயம், பெருங்காயம் கரைத்த மோர் என்று கொடுத்துப் பார்த்தேன். பஸ் போனதும் வலி நின்றுவிடும்! “டாக்டர்கிட்ட காட்டு” என்றார் மாமியார்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து போன். “அம்மா, உங்க பொண்ணோட கிளாஸ் அட்வைசர் பேசறேன். ஒரு தடவை நேர்ல வர முடியுமா?” எனக்குக் கை கால் ஓடவில்லை.

நான் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். இவர் தையல் கடை வைத்திருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தபோது இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். சேர்த்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, முதல் செமஸ்டரில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டிலும் அரியர். ரிசல்ட் வந்ததையே எங்களிடம் மறைத்திருக்கிறாள். “இப்படி லீவு போட்டா வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போயிடும்மா. அப்புறம் அடுத்த பரீட்சையே எழுத முடியாது” என்றார் அந்த மேடம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர், “அவளுக்கு வரலைன்னா விட்டுடலாம். அக்கா வேற பையனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார். மகள் தலை நிமிரவே இல்லை. எனக்கு என் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் பக்கம் பேச ஒருவரும் இல்லை. “ஒரு மாசம் பொறுங்க, அந்த மேடம் என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்” என்றேன்.

மேடம் முதலில் செய்தது என்ன தெரியுமா? பிசிக்ஸ் விடைத்தாளின் நகலுக்குப் பணம் கட்டி வாங்க வைத்தார். பரீட்சையில் 100-க்கு 41. கல்லூரியில் போடும் உள்மதிப்பீட்டு மார்க்கோ 40-க்கு 33. இரண்டும் சேர்ந்து 50 வந்தால் மட்டும் போதாது, பரீட்சையில் தனியாக 45 எடுத்தாக வேண்டும் என்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதி. நாலு மார்க்கில் போயிருக்கிறது!

விடைத்தாளைப் புரட்டிக் காட்டினார். இரண்டு மார்க் கேள்விகள் பத்துக்கும் அரைப் பக்கம் அரைப் பக்கமாக எழுதியிருக்கிறாள். 13 மார்க் கேள்வி ஐந்தில் இரண்டையும், கடைசி 15 மார்க் கேள்வியையும் தொடவே இல்லை. “பாடம் தெரியாம இல்லைம்மா. நேரம் பத்தலை. அந்த வருஷம் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கலையே. மூணு மணி நேரப் பரீட்சை எழுதின பழக்கமே விட்டுப்போச்சு. இங்கிலீஷ்ல எழுதறதும் புதுசு” என்றார். கொரோனாவால் 2021-ல் தேர்வு ரத்தானபோது ‘தப்பித்தோம்’ என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அவர் போட்டுக் கொடுத்த திட்டம் எளிமையானது. சின்னக் கேள்விகள் பத்துக்கும் சேர்த்து 20 நிமிஷம். பெரிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் 25 நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷம் திருப்பிப் பார்க்க. ஞாயிறுதோறும் பழைய கேள்வித்தாள் ஒன்றை வீட்டில் எழுதி, திங்கட்கிழமை அவரிடம் காட்ட வேண்டும். எனக்குப் பாடம் தெரியாது. மணி பார்க்கத் தெரியுமே! அடுப்படியில் குழம்பு கொதிக்க, பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, “ம்... அடுத்த கேள்விக்குப் போ” என்று சொல்வது என் வேலை. வயிற்றுவலி எப்போது போனது என்றே தெரியவில்லை.

அடுத்த முறை பிசிக்ஸ் பாஸ். கெமிஸ்ட்ரிக்கு இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்தது. 2022-ல் புதுமைப் பெண் திட்டம் வந்ததும் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொன்னதும் அதே மேடம்தான். 2025-ல் அரியர் இல்லாமல் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு போட்டோவை இப்போது கடையில் மாட்டியிருப்பது யார் என்கிறீர்கள்? ‘விட்டுடலாம்’ என்ற அதே மனுஷர்தான்!

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமைவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் ஆலோசகர் கையெழுத்து போடுவதோடு சரி. ஆனால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மாணவர்களைப் பிரித்து ஒவ்வோர் ஆசிரியரின் பொறுப்பில் விடவேண்டும் என்று பல்கலைக்கழக விதியிலேயே இருக்கிறது. கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் ‘நாக்’ அமைப்பும், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்று கணக்குக் கேட்கிறது. கலைக் கல்லூரிகளில் இவரை ‘டியூட்டர்’ என்பார்கள். சில இடங்களில் ‘மென்டார்’.

அம்மாக்களுக்கு, என் அனுபவத்தில் நான்கு யோசனைகள்:

* பிள்ளை சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆலோசகர் யார் என்று கேட்டு, போன் நம்பரை வாங்கி வையுங்கள். நம் நம்பரையும் கொடுங்கள்.

* ‘எத்தனை மார்க்?’ என்று மட்டும் கேட்காமல், வருகை எத்தனை சதவீதம், அரியர் எழுதக் கடைசித் தேதி எது என்றும் கேளுங்கள்.

* அரியர் வந்தால் திட்டுவதற்கு முன் விடைத்தாள் நகலைப் பாருங்கள். எங்கே தவறியது என்று அது சொல்லும்.

* பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று பேசினால் அது ஆலோசகரோடு நிற்கும் விஷயமல்ல. உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

காலை நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அடிக்கடி வயிறு வலிக்கிறதா? கஷாயம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கல்லூரிக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.