பெயர்ப்பட்டியலில் விடுபட்ட பிள்ளைகள்: தரவுத்தளத்தில் 'இல்லை' என்று கேட்பது எப்படி?

"சேர், எங்க புள்ள பேரு மட்டும் ஏன் இல்ல?"

வெலிமடையில் நாங்கள் நடத்தும் வார இறுதிக் கணினி வகுப்பின் வாசலில், தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் இப்படிக் கேட்டார். பஸ் கட்டண உதவி பெறும் மாணவர்களின் பட்டியலை அன்று காலைதான் ஒட்டியிருந்தோம். அதைத் தயாரித்தவன் நான்.

எங்கள் நிலையத்துக்கே வந்து அங்குள்ள கணினிகளில் விண்ணப்பித்தவர்கள் நகரத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பஸ் கட்டணம் தேவையில்லை. எனவே, நிலையத்தின் வலையமைப்பிலிருந்து வராத விண்ணப்பங்களை மட்டும் தரும்படி தரவுத்தளத்திடம் கேட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை.

ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் அது வந்த கணினியின் வலையமைப்பு முகவரி பதிவாகும். நிலையத்துக்குள் இருக்கும் கணினிகளின் முகவரிகள் 192.168 எனத் தொடங்குகின்றன. 1996இல் வெளியான விதிப்படி, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தொகுதிகளும் உள்வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை.

இவற்றை வெறும் எழுத்துகளாக ஒப்பிடுவது ஆபத்தானது. 172.16.0.0/12 என்பது 172.16 முதல் 172.31 வரையிலான முகவரிகளைக் குறிக்கும். '172.1 எனத் தொடங்காதவை' என்று கேட்டால், 172.20 உள்ளே தங்கிவிடும், சம்பந்தமில்லாத 172.10 வெளியே போய்விடும். இதற்காகவே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'ஐநெட்' என்ற தனித் தரவு வகை உண்டு. << என்ற குறி, இந்த முகவரி அந்தத் தொகுதிக்குள் அடங்குகிறதா எனப் பார்க்கும்.

அதை எதிர்மறையாக்கும்போது, தமிழில் இறுதியில் வரும் 'இல்லை' இங்கே முன்னால் வர வேண்டும்:

நொட் (முகவரி << '192.168.0.0/16')

குறிக்கு முன்னால் நொட் போட்டு 'முகவரி நொட் <<' என்று எழுதினால் பிழை காட்டும். அடைப்புக்குறியும் முக்கியம். இரண்டு தொகுதிகளை 'அல்லது' போட்டு இணைத்துவிட்டு அடைப்புக்குறியை விட்டால், நொட் முதலாவதை மட்டுமே மறுக்கும். 'இதில் இல்லை அல்லது அதில் இல்லை' என்று கேட்டாலும் பயனில்லை. ஒரே முகவரி இரண்டு தொகுதிகளிலும் இருக்க முடியாதென்பதால் எல்லா முகவரிகளும் தேறிவிடும். 'இதிலும் இல்லை, அதிலும் இல்லை' என்பதே சரியான கேள்வி.

நான் இதையெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். தவறு வேறிடத்தில் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு லயத்தில் சிக்னல் கிடைக்காது. அவர்கள் தாளில் நிரப்பிக் கொடுத்ததை நாங்கள் மொத்தமாகத் தரவேற்றினோம். அதனால் முகவரிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

தரவுத்தளத்துக்கு ஆம், இல்லை என்பவற்றுடன் 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் உண்டு. வெறுமையான முகவரி ஒரு தொகுதிக்குள் இருக்கிறதா என்று கேட்டால் 'தெரியாது' என்கிறது. தெரியாததை மறுத்தாலும் விடை 'தெரியாது'தான். 'ஆம்' என வரும் வரிசைகள் மட்டுமே பட்டியலில் சேரும் என்பதால், இணைய வசதி இல்லாத பிள்ளைகளே இணைய முகவரி இல்லாத காரணத்தால் கழிந்து போனார்கள். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை.

திருத்தம் சிறியது:

(முகவரி << '192.168.0.0/16') இஸ் நொட் ட்ரூ

'உள்ளே இருப்பதாக உறுதியாகாத எல்லாம்' என்பது இதன் பொருள். வெறுமையான கட்டங்களும் இதில் சேரும்.

இப்போது எந்தப் பட்டியலை எடுத்தாலும் உள்ளே, வெளியே, தெரியாது என மூன்றையும் தனித்தனியே எண்ணி, கூட்டுத்தொகை மொத்த விண்ணப்பங்களுக்குச் சமமா எனப் பார்க்கிறேன். நிவாரணம், புலமைப்பரிசில், வீட்டுத்திட்டம் எனப் பல பட்டியல்கள் இன்று கணினியிலிருந்தே வருகின்றன. வெறுமையான கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை இருக்கலாம்.

அன்று மாலையே புதிய பட்டியலை ஒட்டினோம். அந்தத் தாய் மகளின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார்.