உயிர்வேலிக்கு உகந்த செடி எது?

அரவேணுத் தேயிலை விவசாய அங்கத்தினர் சிலர், உயிர்வேலிக்கு ஏற்ற செடி எதுவென வினவினர்.

ஆங்கிலேயர் ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்த ‘கார்ஸ்’ என்னும் முட்புதர், நீலகிரியில் வேலியைக் கடந்து புல்வெளிகளில் பரவிற்று. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். செடியோ எளிதில் தீப்பற்றும். உண்ணிச்செடியின் விதையையும் பறவைகள் அயலார் நிலத்தில் பரப்பிவிடும்.

இம்மலையில் இயல்பாய் வளரும் ஊசிக்களா இவற்றினும் மேலானது. அதன் முப்பிரிவு முள் ஆடுமாடுகளைத் தடுக்கும், பழம் உண்ணத்தக்கது. கத்தரித்த கிளையின் மஞ்சட் கட்டை சாயம் தருமாதலின், நெசவாளரும் இதனை அறிதல் நலம். ஆயினும், காட்டெருமையை இவ்வேலி தடுக்காது.

காப்புக்காட்டில் செடி பறித்தல் குற்றமாகும். சொந்த நிலத்துக் கனிகளின் விதையால் நாற்று வளர்த்து, மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் வேண்டும்.

நம் வேலி அயலார்க்குக் களையாகாதிருத்தலும் கூட்டுறவேயன்றோ?